ராகு காலத்தில் ஓடாத கம்ப்யூட்டர்

வேலைக்குச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை, என் விரல் என்டர் பட்டனுக்கு மேலே நின்றுகொண்டிருக்க, ஈ.டி.பி. சார் அறையின் மறுகோடியிலிருந்து "ஏம்மா, கைய எடு!" என்று கத்தியபடி ஓடிவந்ததுதான் அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. ஷாக் அடிக்கப்போகிறதோ என்று பயந்து நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டேன். அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கி முடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று. "இப்ப ஓட்டக் கூடாது. ரெண்டு மணிக்கு மேல ஓட்டு" என்றார். ஏன் சார் என்று கேட்டேன். "ஓட்டக் கூடாதுன்னா ஓட்டக் கூடாது" என்றார். மூன்று வருஷம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவளுக்கு இது புதுப் பாடமாக இருந்தது.

காரைக்காலை ஒட்டிய கீழவாஞ்சூரில் கப்பலில் வந்து இறங்கும் நிலக்கரியை லாரியில் ஏற்றி அனுப்பும் கம்பெனி ஒன்றின் கிளை அலுவலகம் அது. விழிதியூரிலிருந்து பஸ் மாறி வருவேன். காலையில் போட்டுவரும் வெள்ளைச் சுடிதார் சாயங்காலம் சாம்பல் நிறமாகி வீடு திரும்பும். ஈ.டி.பி. மேனேஜர், அதாவது கம்ப்யூட்டர் பிரிவு மேனேஜர், என்ற பதவி உலகம் முழுக்கச் செத்துப்போய் எங்கள் அலுவலகக் கதவுப் பலகையில் மட்டும் உயிரோடு இருந்தது. அந்தப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்தான் சார். வழுக்கைத் தலை, எந்நேரமும் தோளில் ஒரு கைத்துண்டு, சட்டைப் பையில் எழுதாத இரண்டு பேனா.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். எடைமேடையில் ஏறும் ஒவ்வொரு லாரியின் எடையும் கம்ப்யூட்டருக்கு வரும். அதைக் கூட்டுவது ஒரு ஜாப். கப்பலில் இன்னும் எவ்வளவு சரக்கு பாக்கி என்று பார்ப்பது அடுத்த ஜாப். சென்னை ஹெட் ஆபீசுக்கு அனுப்புவது அதற்கும் அடுத்தது. இவற்றை எந்த நேரத்தில், எதற்குப் பின் எதை ஓட்டுவது என்பதுதான் ஈ.டி.பி. சாரின் வாழ்க்கை. ஆரம்பத்தில் அவர்தான் ஷெட்யூலர். ஒரு ஜாப் முடிந்ததா என்று திரையை எட்டிப் பார்ப்பார், அடுத்ததைத் தட்டிவிடுவார், டீ குடிப்பார். பிறகு க்ரான் என்று ஒரு புரோகிராம் வந்தது. நேரத்தைக் குறித்து வைத்துவிட்டால் அந்த நேரத்தில் தானே வேலையைத் தொடங்கிவிடும். ஆனால் அது பள்ளிக்கூட மணி மாதிரி. பிள்ளைகள் வந்தாலும் அடிக்கும், வராவிட்டாலும் அடிக்கும். எடை எதுவும் வராத நேரத்தில் கூட்டல் ஜாப் ஓடினால் ஒன்றுமில்லாததைப் பார்த்து அது முறைத்துக்கொண்டு நின்றுவிடும். பின்னால் உள்ள அத்தனையும் நிற்கும். அப்புறம் ஒவ்வொன்றாகக் கெஞ்சிக் கிளப்ப வேண்டும்.

ஆகவே எடை எப்போது வராது என்று தெரிந்திருக்க வேண்டும். அங்கேதான் வந்தது வினை.

எங்கள் பக்கத்து லாரி முதலாளிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. ராகு காலத்தில் எடைச்சீட்டு வாங்க மாட்டார்கள். கரியை ஏற்றுவார்கள், தார்ப்பாய் கட்டுவார்கள், டிரைவர் ஹாரன்கூட அடித்துப் பார்ப்பார். மேடையில் மட்டும் ஏற மாட்டார். என்றோ ஒருவருடைய லாரி ராகு காலத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு போய்த் திருப்பத்தில் கவிழ்ந்ததாம். எந்தத் திருப்பம், யாருடைய லாரி என்று கேட்டால் ஆளுக்கொரு ஊர் சொல்வார்கள். ஆனாலும் அந்த ஒன்றரை மணி நேரமும் கரி லாரிகள் வரிசையாக நிற்க, டீக்கடை நிரம்பி வழியும். வெள்ளிக்கிழமை இன்னும் விசேஷம். பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு, அது முடிந்த கையோடு எடைமேடைப் பொறுப்பாளர் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிவிடுவார். கல்ஃபில் இருந்து திரும்பிய காரைக்கால்காரர் அவர். எல்லோருக்கும் அவர் நானா, அண்ணன் மாதிரி. "ராகுவுக்கு ஒன்றரை மணி நேரம் நிக்கிறாங்க, அல்லாஹ்வுக்கு நான் நிக்கப்படாதா?" என்பார். ஆகவே வெள்ளிக்கிழமை ரெண்டு மணிவரை கம்ப்யூட்டரும் சும்மா கிடக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஈ.டி.பி. சார் பழுத்த பகுத்தறிவுவாதி. சனிக்கிழமை சாயங்காலம் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கடைத்தெருவில் மைக் பிடித்து நாள், கோள், நல்ல நேரம் எல்லாவற்றையும் கிழித்துத் தோரணம் கட்டுகிறவர். அப்படிப்பட்டவருக்கு ஏழு நாள் ராகு காலமும் தண்ணீர் பட்ட பாடு. பஞ்சாங்கம் வைத்திருந்த எங்கள் கேஷியரே சந்தேகம் வந்தால் இவரிடம்தான் வந்து கேட்பார். காரணம் அவருடைய வீட்டம்மா. அரசுப் பள்ளியில் டீச்சர். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் துர்க்கைக்கு எலுமிச்சம்பழ விளக்குப் போட ராகு காலத்துக்குள் போயாக வேண்டும். சார் ஸ்கூட்டரில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டு, கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மற்ற நாளிலும் ராகு காலத்தில் டீச்சர் எந்த நல்ல காரியமும் தொடங்க மாட்டார். நேரம் தவறினால் வீட்டில் சோறு தவறும் என்பதால் ஏழு நாளும் மனப்பாடமாகிவிட்டது.

க்ரானில் அந்த நேரங்களை ஒதுக்கி வைத்தவர், அது என்ன நேரம் என்று மட்டும் ஒருபோதும் வாயால் சொன்னதில்லை. "எடை வராத நேரம்" என்பார். சில மாதம் வேலை பார்த்தபின் நானாகத்தான் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததை அவரிடம் சொன்னபோது கைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெளிய சொல்லிடாதம்மா, மானம் போயிரும்" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் ஹெட் ஆபீஸ் ஒரு பெரிய ஷெட்யூலர் சாஃப்ட்வேர் வாங்கியது. திரையில் கட்டம் கட்டமாக ஜாப்கள், கட்டங்களுக்கு நடுவே அம்புக்குறிகள். பந்தியில் இலை போட்டபின்தான் சோறு என்பதுபோல, ஒன்று முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும். எல்லாக் கிளைகளின் ஜாப்களையும் சென்னையிலிருந்தே ஓட்டலாம். ஒவ்வொரு கிளையிலும் ஆள் எதற்கு என்ற கேள்வி அடுத்து வந்தது. சாரையும் சென்னைக்கு மாற்றப்போவதாகப் பேச்சு. ரிடையராக அவருக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. டீச்சரோ புதுச்சேரி அரசு ஊழியர். அவரை மாஹேக்கு மாற்றலாம், ஏனாமுக்கு மாற்றலாம், எத்தனை மனு எழுதினாலும் சென்னைக்கு மாற்ற முடியாது. கல்யாணமான நாளிலிருந்து இருவரும் பிரிந்து இருந்ததில்லை. சார் மத்தியானம் ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போவார், டீச்சரும் பள்ளியிலிருந்து வருவார், சேர்ந்து சாப்பிட்டுவிட்டுத் தனித்தனியே திரும்புவார்கள். "சென்னைக்குப் போனா நான் பத்து நாள்ல செத்துருவேம்மா" என்று என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் அந்த வாரம் முழுக்க ஒரு டீயைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை.

கிளையைப் பார்த்து அறிக்கை கொடுக்கச் சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்தார். சின்ன வயசு, கறாரான ஆள். சாரின் நேரக் கணக்கைப் பார்த்ததும், தோண்ட ஒன்று கிடைத்ததுபோல மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "திங்கள் ஒரு நேரம், செவ்வாய் ஒரு நேரம், ஒவ்வொரு நாளும் வேற வேற கேப் விட்டிருக்கீங்களே. இதுக்குப் பின்னாடி என்ன லாஜிக் சார்?" என்றார். சார் வாழ்நாளெல்லாம் லாஜிக் பேசியவர். அன்று அவர் வாயில் அது வரவில்லை. "சும்மா, அனுபவத்துல வச்சதுங்க" என்றார். நெட்வொர்க் பிரச்சினையா என்றார் மேடம். "அதுவும் உண்டுங்க." கரன்ட்? "அதுவுந்தாங்க." கடைசியில் சார் கடல்காற்றையும் இழுத்தார். கடல்காற்று எப்படிப் புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சரியாக வரும் என்று மேடம் யோசித்துப் பார்த்துவிட்டு, "காரணம் தெரியலைன்னா இதை வச்சிருக்க முடியாது சார்" என்றார். எல்லா ஜாப்பும் மணிக்கு ஒருமுறை ஓடட்டும், சென்னையிலிருந்தே ஓடட்டும் என்று மாற்றி வைத்தார்.

மறுநாள் புதன். பன்னிரண்டு அடித்தது. லாரிகள் நின்றன. டீக்கடை நிரம்பியது. ஒரு மணிக்கு ஷெட்யூலர் கூட்டல் ஜாப்பைத் தொடங்கியது, அது ஒன்றுமில்லாததைப் பார்த்து நின்றது, திரையில் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்தன. சென்னையில் பெரிய முதலாளியின் மேசைக்குக் காரைக்காலிலிருந்து ஒரு கிலோ கரியின் கணக்குகூடப் போகவில்லை. போன் அடித்தது. கப்பல் முழுகிவிட்டதா என்று கேட்டாராம். மேடம் எழுந்து ஜன்னலுக்குப் போனார். கரி நிரம்பிய லாரிகள் தார்ப்பாய் கட்டி, மேடைக்கு முன்னால் சாதுவாக நின்றன. நானாவை வரவழைத்து, "ஏன் யாரும் எடை போடலை?" என்று கேட்டார். நானா சாரைப் பார்த்தார். "நான் சொல்லிடவா சார்?"

"வேணாம் நானா. நானே சொல்றேன்." சார் எழுந்து நின்றார். தோளிலிருந்த துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். கடைத்தெரு மேடையில் எத்தனையோ தடவை திட்டுவதற்காகச் சொன்ன அந்தச் சொல்லை அன்று கிளை ஆட்கள் எல்லோருக்கும் முன்னால் காரணமாகச் சொன்னார். "ராகு காலங்க மேடம். லாரிக்காரங்க ஏற மாட்டாங்க. எனக்கு அதுல நம்பிக்கை கெடையாது. ஆனா எடை வராது. அது நெசம்."

யாராவது சிரித்திருந்தால் அவர் அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்திருப்பார். நல்லவேளையாக மேடத்துக்குச் சிரிக்க நேரமில்லை. அந்த சாஃப்ட்வேரில் காலண்டர் என்று ஒரு வசதி இருந்தது. எந்தக் கிளைக்கு எந்த நாள், எந்த நேரம் வேலை கூடாது என்று தனியாகக் குறிக்கலாம். அதைத் திறந்து, "கிழமைவாரியாச் சொல்லுங்க சார்" என்றார். சார் பார்க்காமல் ஒப்பித்தார். நடுவில் ஜும்மாவையும் சேர்க்கச் சொன்னார் நானா. "பண்டிகை, உள்ளூர் லீவெல்லாம் வேற வருமே, இதை யாரு பார்த்துக்கிறது?" என்று மேடம் கேட்டார். அறையில் ஒரே குரலாக எல்லோரும் சாரைக் கைகாட்டினோம். காரைக்காலுக்குத் தனி காலண்டர், அதைப் பராமரிக்க உள்ளூரிலேயே ஓர் ஆள் தேவை என்று அறிக்கை போனது. சார் ஊரிலேயே இருந்தார். அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் அவர் பேச எழுந்ததும் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து நானா, "தலைவரே, கம்ப்யூட்டருக்கு இப்ப நேரம் எப்படி இருக்கு?" என்று சத்தம் கொடுத்தார். ஊரே சிரித்தது. சாரும் சிரித்தார். அதன்பின் அவர் பேச்சில் கொஞ்சம் சூடு குறைந்துபோனதாகக் கேஷியர் சொன்னார்.

அவர் ரிடையரானபின் அந்த நாற்காலி எனக்கு வந்தது, காலண்டரும் வந்தது. இப்போது அதையும் தாண்டிவிட்டோம். புதிதாக வந்திருக்கும் சாஃப்ட்வேர் கடிகாரத்தையே பார்ப்பதில்லை. எடை ஒன்று வந்து விழுந்தால் ஜாப் தானே எழுந்துகொள்ளும், வராவிட்டால் தூங்கும். லாரிகளிலும் இப்போது பாதிப்பேர் வடக்கிலிருந்து வந்த டிரைவர்கள். ராகு காலம் எதுவென்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அவர்கள் பாட்டுக்கு மேடையில் ஏறுகிறார்கள். பழைய காலண்டரை அழித்துவிடும்படி ஹெட் ஆபீசிலிருந்து சொன்னதும் சாருக்குப் போன் செய்தேன். "நான் வந்து அழிக்கிறேம்மா" என்றார் உற்சாகமாக. "வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேலதான் வருவேன்."

சொன்னபடி வந்தார், கறுப்புச் சட்டையோடு. டீச்சரும் கூட வந்திருந்தார், நெற்றியில் குங்குமத்தோடு. சாரை என் நாற்காலியில் உட்கார வைத்தேன். காலண்டரைத் திறந்து, அழி என்று கொடுத்தார். நிச்சயமாக அழிக்கலாமா என்று திரை கேட்டது. இதற்காகவே இத்தனை வருஷம் காத்திருந்த மனிதர் பட்டனுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். தலைக்கு மேலே ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக, "இது இல்லேன்னா அப்ப நான் மெட்ராஸ்ல கெடந்திருப்பேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

டீச்சர் அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி என்டரைத் தட்டினார். "போதுங்க. ராகுதான் நம்மள ஒண்ணா இருக்க வச்சாரு, அவரும் உங்கள மாரி ரிடையர் ஆவட்டும்" என்றார்.

கட்டம் காலியாகிவிட்டது. சாரின் இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேரே மெல்லச் சேர்ந்தன. நான் பார்ப்பதைப் பார்த்ததும், "என்னம்மா இப்படிக் குளிருது இங்க" என்று உள்ளங்கைகளை அவசரமாகத் தேய்த்துக்கொண்டார்.