ஆளுக்கு ஓர் இடம் காட்டிய இணைப்பு

நில அளவை அலுவலகத்தில் சர்வர்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். பதினான்கு வருடமாகக் கணினி அறையைத் தனியாளாகக் கட்டி மேய்த்தவர். கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவர் பெருமையாகச் செய்து வைத்தது ‘வரைபடம்’ என்ற இணைப்பு. சாதாரண இணைப்பு, யார் திறந்தாலும் ஒரே கோப்புறைக்குத்தான் போகும். இவர் அதன் முகவரிக்குள், திறப்பவரின் பிரிவுக்கேற்பத் தானே மாறும் ஒரு சொல்லைச் செருகியிருந்தார். சாலைப் பிரிவினர் திறந்தால் சாலைப் படங்கள், வடிகால் பிரிவினர் திறந்தால் வடிகால் படங்கள். முழு முகவரியையும் நீளமாகத் தட்டச்சு செய்யும் தொல்லை விட்டது. பிரிவு குறிப்பிடாமல் யாராவது வந்தால்? ஆள் அதிகமுள்ள வடிகாலுக்கே போகட்டும் என்று விட்டுவிட்டார்.

வடிகால் பிரிவில் படம் வரையும் ஸ்கேலம்மாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

“அண்ணா, என் சீட்ல திறந்தா ஒண்ணு, உங்க சீட்ல திறந்தா வேற ஒண்ணு. ‘வரைபடத்துல இருக்கு’ன்னு ஒருத்தர் சொன்னா, எதுலன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?”

“நீங்க கோடு போடறதைப் பாருங்கம்மா. இதை நான் பாத்துக்கறேன்.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

வெள்ளிதோறும் பழைய சோதனைப் படங்களை அவரே அழிப்பார். அவருடைய பிரிவு ‘சோதனை’ என்பதால் இணைப்பும் சரியாக அங்கே போகும். ஒரு வாரம் சலிப்புத் தட்டி, அந்த வேலையை நேரம் குறித்துக் கணினியிடமே ஒப்படைத்தார். கணினிக்கு ஏது பிரிவு? வெள்ளி மதியம் அது நேரே வடிகாலுக்குள் நுழைந்து, இரண்டு மாத அளவுகளைத் துடைத்துப் போட்டது.

“நீங்கதாம்மா எதையோ தப்பா அழுத்தியிருக்கணும்,” என்றார் தலைமைப் பொறியாளர், கூடம் முழுக்கக் கேட்க.

“நான் அப்ப சாப்பிடப் போயிருந்தேன் சார்,” என்றார் ஸ்கேலம்மா. யாரும் காதில் வாங்கவில்லை.

சர்வர்காரர் அதற்குள் கணினியின் பதிவுகளைப் பார்த்து, அழித்தது எது என்று தெரிந்துகொண்டுவிட்டார். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. தான் எடுத்து வைத்திருந்த காப்பு நகலிலிருந்து மீட்டுவிட்டால் பேச்சே எழாது என்று ஒரு நப்பாசை. நகலைத் திறந்தால் வெறும் சோதனைப் படங்கள். தன் பெயரில் நுழைந்து, அதே இணைப்பு வழியாகவே இத்தனை மாதமும் நகலெடுத்திருக்கிறார்.

திங்கள் முழுக்க அவர் தலை நிமிரவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஸ்கேலம்மா களக் குறிப்பேடுகளைப் பரப்பி வைத்து, முதல் குழாயின் ஆழம் தொடங்கி எல்லா அளவுகளையும் மறுபடி கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை சர்வர்காரர் பொறுக்க முடியாமல் அவர் அருகே போய், மேசைமேல் குனிந்து சொன்னார்.

“அழிச்சது நீங்க இல்லம்மா. என் இணைப்பு.”

ஸ்கேலம்மா குறிப்பேட்டில் விரலை வைத்தபடியே நிமிர்ந்தார். “எங்கிட்ட ஏன் சார் மெதுவாச் சொல்றீங்க? திட்டினது எல்லாருக்கும் கேட்டுச்சே.”

‘அண்ணா’ இப்போது ‘சார்’ ஆகியிருந்தது. சர்வர்காரர் கூடத்தின் நடுவில் வந்து நின்றார். அழித்தது தன் இணைப்புதான் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லி முடித்தார். பொறியாளர் விளக்கம் எழுதித் தரச் சொன்னார். ஸ்கேலம்மாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அன்றே அந்த இணைப்பை எடுத்துவிட்டு, பிரிவுக்கு ஒன்றாக, பெயரிலேயே இடம் தெரியும்படி சாதாரண இணைப்புகளைப் போட்டார். “மறுபடி நீளமா அடிக்கணுமா?” என்று முணுமுணுத்தார்கள். கேட்டுக்கொண்டார். அளவுகளை வாசித்துத் தரட்டுமா என்று ஸ்கேலம்மாவிடம் கேட்டதற்கு, “வேணாம் சார்” என்று பதில் வந்தது.

வீட்டில் மனைவி கேட்டாள். “முகம் ஏன் இப்படி இருக்கு?”

“ஆபீஸ்ல ஒரு இணைப்பு தப்பாப் போச்சு.”

“யாரு போட்டது?”

அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, “அது பழைய இணைப்பு,” என்றார்.