கும்மிக்கு மட்டும் வந்த தெம்பு

நோய் என்றால் அதற்கொரு லட்சணம் வேண்டும். கட்டுப் போட்டிருக்க வேண்டும், முடி கொட்டியிருக்க வேண்டும், குறைந்தபட்சம் இருமவாவது வேண்டும். நித்யஸ்ரீக்கு இதில் ஒன்றுகூட இல்லை. அதுதான் அவள் செய்த முதல் தப்பு.

சோமனூர்ப் பக்கம், வீட்டை ஒட்டியே அவர்களுடைய தறிக்குடோன். வேலைக்கு ஆள் கிடைக்காத காலம் என்பதால் பகல் ஷிப்டை நித்யஸ்ரீயும் இரவு ஷிப்டை அவள் கணவன் மதன்குமாரும் பார்த்துவந்தார்கள். முந்தின வருஷம் ஊரெல்லாம் வந்த காய்ச்சல் அவளுக்கும் வந்தது. காய்ச்சல் போய்விட்டது. அது கொண்டுவந்த அசதி மட்டும் போகவில்லை. தூங்கி எழுந்தாலும் அடித்துப்போட்டது போலிருக்கும். தலைக்குக் குளித்தால் அன்றைய பொழுது அதோடு சரி. இழை அறுந்த தறியில் முடிச்சுப் போடக் கையைத் தூக்கினால் பாதியிலேயே கை நடுங்கி இறங்கிவிடும்.

கோவையில் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் நார்மல். ஒரு டாக்டர் மட்டும் அந்த அசதிக்கு நீளமாக ஒரு பேர் சொல்லி, "இருக்கற தெம்புக்கு மேல செலவு பண்ணாதீங்க" என்றார். அந்தப் பேர் பஸ்ஸிலேயே மறந்துபோனது. நார்மல் என்ற சொல் மட்டும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது.

அன்றிலிருந்து மாமியார் குழந்தையம்மாளின் கண் மருமகள் மேலேயே இருந்தது. சோறு எவ்வளவு போட்டுக்கொள்கிறாள், போனில் பேசும்போது குரல் எப்படி எழும்புகிறது, ஆள் இல்லாதபோது விறுவிறுவென்று நடக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். நித்யஸ்ரீயும் சும்மா இல்லை. சமையலறையில் பேச்சு தணிந்தால் தன்னைப் பற்றித்தான் என்று காதைத் தீட்டினாள். "சாப்டியா அம்மணி?" என்று மதன் கேட்டால்கூட, போய் அம்மாவிடம் சொல்லத்தான் கேட்கிறாரோ என்று நினைத்தாள். அவன் வெள்ளந்தியாகவே கேட்டிருக்கலாம். அந்த வீட்டில் அப்படி நம்புவது கஷ்டம்.

ஆனாலும் மதன் ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். "அம்மாளும் அக்காளும் சரின்னுட்டா, பகலுக்கு ஒரு ஆள் வெச்சுக்கலாம்." அக்கா என்றது பல்லடத்தில் கோழிப்பண்ணை நடத்தும் நித்யஸ்ரீயின் நங்கையை, அதாவது மூத்த நாத்தனாரை. அந்த ஒரு ஆள் வந்தால் போதும், படுக்க வேண்டிய நேரத்தில் படுக்கலாம். நித்யஸ்ரீ கேட்டது அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து வள்ளிக்கும்மி அரங்கேற்றம் வந்து தொலைத்தது. காய்ச்சலுக்கு முன் அவள் ஊர்க் கும்மிக் குழுவில் ஆடியவள். ஒரே ஒரு பாட்டுக்காவது ஆடிவிட வேண்டும் என்று ஆசை. அதற்காக வாரம் முழுக்கத் தெம்பைச் சேர்த்தாள். தலைக்குக் குளிக்கவில்லை, துணி துவைக்கவில்லை, தறியிலும் பாதி நேரம் உட்கார்ந்தே இருந்தாள். கோயில் மைதானத்தில் அந்த ஒரு பாட்டுக்கு ஆடினாள். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே ஆடினாள். போதாக்குறைக்குச் சிரித்துக்கொண்டே ஆடினாள். யாரோ வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் அவளால் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. ஜன்னல் வெளிச்சம்கூடக் கண்ணைக் குத்தியது.

"ஏங்கண்ணு, கும்மிக்கு வார காலு தறிக்கு வராதா?" குழந்தையம்மாள் மகனிடம்தான் கேட்டாள். மருமகளுக்குக் கேட்கட்டும் என்றே கேட்டாள்.

மதன் உள்ளே வந்து கட்டிலருகே நின்றான். கையிலிருந்த போனில் அந்த வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"வாரம் பூரா கொஞ்சங் கொஞ்சமாச் சேத்துன தெம்புங்க அது" என்றாள் நித்யஸ்ரீ.

"தெம்பைச் சேத்தி வெக்க முடியுமா, அம்மணி?"

கோபமாகக் கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். அவன் மெல்லத்தான் கேட்டான். ஆள் வைக்கும் பேச்சு அதோடு நின்றது. கொஞ்சம் தேறியதும் அவள் தறிக்குப் போனாள். அரை நாள் நின்றுவிட்டு ரெண்டு நாள் படுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நங்கை சீக்குப் பார்க்க வருவதாக இருந்தது. அன்று காலையில் கண் விழித்த நித்யஸ்ரீக்குத் திக்கென்றது. உடம்பு லேசாக இருந்தது. எப்போதாவது தப்பித்தவறி அப்படி ஒரு நாள் வரும். தலைக்குக் குளிக்கலாம், வருகிறவருக்குத் தன் கையாலேயே காபி போட்டுக் கொடுக்கலாம். காபியோடு போய் நின்றால் நங்கையின் முகம் எப்படிப் போகும் என்று யோசித்தாள். எழுந்தவள் திரும்பப் படுத்துக்கொண்டாள். கலைந்த முடியை இன்னும் கொஞ்சம் கலைத்துவிட்டாள்.

நங்கை ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்து கட்டிலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள். சீக்குக்காரி சீக்குக்காரியாக நடித்தாள். கையைத் துவள விட்டாள். "வாங்க நங்கை" என்பதைப் பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். வெட்கமாக இருந்தது. ஆனால் நடிப்பு நன்றாக வந்தது.

"ஏனுங்கம்மா, நடிக்கறான்னு சொன்னீங்க? இப்பிடிக் கெடக்கறாளேங்க!" நங்கையின் குரல் உடைந்தது.

குழந்தையம்மாள் முதன்முறையாக மருமகளின் நெற்றியைத் தடவினாள். "நானுந்தான் சந்தேகப்பட்டுப்போட்டேன், கண்ணு."

"நாளைக்கே ஆளை வரச் சொல்லீர்றேன்" என்றான் மதன். "நீ எந்திரிக்கவே வேண்டாம் அம்மணி."

கேட்டது கிடைத்துவிட்டது. எழ முடியாமல் கிடந்த நாளெல்லாம் நம்பாதவர்கள், எழுந்து ஓட முடிந்த அன்றைக்கு நம்பிவிட்டார்கள். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது அவளுக்கு. கண்ணில் நீர் முட்டியது. அழுதால் இன்னும் நன்றாக நம்புவார்கள் என்று தோன்றியது. தோன்றியதுமே, வருகிற அழுகை நிஜம்தானா என்று அவளுக்கே சந்தேகமாகிவிட்டது.