எண்பத்தொரு கிலோ மாமா

அக்காவின் கல்யாணப் போட்டோ ஒன்றில் என் கால் தரையில் இல்லை. மாமாவின் இடது கக்கத்தில் இருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வருவது பெண்ணின் தம்பி. அந்த ஒரு வேலைக்காகத்தான் எனக்குப் பட்டு வேட்டி எடுத்தார்கள். மாப்பிள்ளை வில்லியனூரில் இரும்புக் கடை வைத்திருந்தார். வாசலில் நின்றால் வாசல் அடைந்துபோகும், அப்படி ஆள். நான் மாலை போட்டுக் கையை நீட்டினேன்.

"இந்த ஒடம்ப வச்சிக்கினு நீ என்ன இட்டுக்கினு போறியா மச்சான்? நான் இட்டுக்கினு போறேன் வா" என்று சொல்லி, ஒரே கையால் என்னை அள்ளி இடுக்கிக்கொண்டு நடந்தார். நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். எனக்கு வயது பத்தொன்பது. என் அப்பாவும் சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மாமன் மச்சான் விளையாட்டுக்குக் கேள்வி கிடையாது. கோபித்துக்கொண்டால் கோபித்தவன்தான் கோமாளி. அதனால் நானும் பல்லைக் காட்டினேன். பொங்கல் வரிசை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனபோது அந்தப் போட்டோ கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் மாமா விளக்கம் வேறு சொன்னார். "எங்க மச்சான்தான். கோழிக்குஞ்சு கணக்கா இருந்தான்." அக்கா அப்போது முழுகாமல் இருந்தாள். குழந்தைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். அன்றைக்கு அதே கூட்டம் வரும். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் இந்த ஆளைத் தூக்கிக் காட்டுவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் ஊர் பாகூரில் ஏரிக்கரைக்குப் போகிற வழியில் ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. ஆஞ்சநேயர் படம், ரசம் போன கண்ணாடி, ஒரு பெஞ்சு, பெயின்ட் டப்பாக்களில் சிமெண்டை ஊற்றி நடுவில் குழாய் செருகிய வெயிட்டுகள். இதுதான் ஜிம். முதல் நாள் வெறும் இரும்புக் குழாயைக் கொடுத்துத் தூக்கச் சொன்னார்கள். எட்டாவது தடவை குழாய் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. இரண்டு பேர் வந்து எடுத்தார்கள். மறுநாள் எங்கள் மளிகைக் கடையில் ஒரு அம்மாள் கற்கண்டு கேட்டாள். கற்கண்டு மேல் தட்டில் இருந்தது. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. ஸ்டாக் இல்லை என்று அனுப்பிவிட்டேன்.

விடவில்லை. விடிந்ததும் கொட்டகை, பிறகு கடை. வீட்டில் சுத்த சைவம் என்பதால் டீக்கடைக்குப் பின்னால் நின்று பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றிக்கொண்டு, கிராம்பை மென்றபடி வீட்டுக்குப் போவேன். மற்றவர்கள் தூக்கும்போது ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். நான் கல்யாணத்தில் சிரித்தவர்களின் முகங்களை எண்ணினேன். நாதஸ்வரக்காரர், சமையல்காரர், பெரியப்பா. பத்தாவது முகம் அப்பாவுடையது. அதற்குப் பிறகு கை நடுங்கினாலும் இன்னொன்று தூக்குவேன்.

மாமாவின் எடை எனக்குத் தெரியும். ஒரு முறை கடைக்கு வந்தபோது மூட்டை போடும் தராசில் அவரே ஏறி நின்று, எண்பத்தொரு கிலோ என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். ஒரு வருஷம் போனபின் நான் எண்பது தூக்கினேன். தலைகால் புரியவில்லை. ஒரு நாள் எதற்கோ சந்தேகம் வந்து, இருபது என்று எழுதியிருந்த சிமெண்ட் வெயிட்டைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்து எங்கள் தராசில் போட்டேன். பதினாலு. டப்பாவின் மேல் எந்தப் புண்ணியவானோ வாய்க்கு வந்ததை எழுதிவிட்டுப் போயிருக்கிறான். எடை போட்டே பிழைக்கிற குடும்பத்தில் பிறந்துவிட்டு, ஒரு வருஷம் பெயின்டில் எழுதியதை நம்பியிருந்தேன்! 

மறுநாளிலிருந்து கொட்டகை முடிந்ததும் கடைக் குடோனுக்குப் போனேன். எழுபத்தைந்து கிலோ அரிசி மூட்டையோடு ஆறு கிலோவுக்கு எடைக்கற்களைச் சேர்த்துக் கட்டி, அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பழகினேன். கம்பியைவிட இது கஷ்டம், ஆனால் இதுதான் சரி. கம்பிக்குத் தொப்பை கிடையாது, மாமாவுக்கு இருந்தது. எட்டு மாதம் ஆயிற்று, மூட்டை தோளுக்கு வர.

காதுகுத்து எங்கள் ஊர்க் கோயிலில் நடந்தது. குழந்தை என் மடியில் அலறி அடங்கியதும் அக்காவிடம் கொடுத்துவிட்டு எழுந்தேன். "மாமா, அன்னிக்கு நீங்க தூக்கினீங்க, இன்னிக்கு என் மொற" என்றேன். கூட்டம் கைதட்டியது. மாமாவும் சிரித்துக்கொண்டே, "இடுப்பு புடிச்சிக்கப் போவுது மச்சான், பாத்து" என்றார். தொடைக்குக் கீழே கையைக் கோர்த்து ஒரே மூச்சில் தூக்கினேன். அவருடைய தொப்பை என் தோளில் ஏறியது. விழாமல் இருக்க என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வேட்டியைப் பிடிக்க அவருக்கு மூன்றாவது கை இல்லை.

போட்டோக்காரர் அதே ஆள்தான். நான் சொல்லித்தான் வரவழைத்திருந்தார்கள். கேமராவின் முதல் பிளாஷ் பல்ப் எரியவில்லை. அவர் வேறு பல்ப் மாற்றுவதற்குள் வேட்டி முழங்காலுக்கு வந்து, பிறகு தரைக்கே வந்துவிட்டது. பட்டை போட்ட டிராயரோடு மாமா என் தோளில் தொங்கினார். கோயிலே சிரித்தது. அப்பாதான் ரொம்பச் சிரித்தார். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

மாமா பந்தியில் உட்காரவில்லை. அக்காவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். அதன்பிறகு அக்காவைத் தாய் வீட்டுக்கு அனுப்பவே இல்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோதும் அனுப்பவில்லை. அம்மா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். 'தூக்கிட்டியே, திருப்திதானே' என்று மட்டும் ஒரு நாள் கேட்டாள். திருப்திதான். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஒவ்வொரு பொங்கலுக்கும் வரிசையைச் சுமந்துகொண்டு நான் மட்டும் வில்லியனூர் போவேன். மாமா உள்ளறையை விட்டு வெளியே வரமாட்டார். அக்கா வாசலில் நின்று வாங்கிக்கொண்டு, ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து அனுப்புவாள். நாலாம் வருஷம் சொம்பை நீட்டும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், நெசத்த சொல்லு. வேட்டி அவுருது, எறக்கி வுடுன்னு உன் காதுல சொன்னாராமே. மூணு தடவ சொன்னாராம். உனக்குக் கேக்கலியாடா?"

"அந்தக் கூட்டத்துல இன்னாக்கா கேக்கும்? ஒண்ணும் கேக்கல."

அவள் முகம் தெளிந்தது. "அதத்தான் நானும் நாலு வருசமா சொல்றேன். என் தம்பி காதுல வுழுந்திருந்தா எறக்கியிருப்பான்னு. அதுக்குத்தான் இந்த வூட்டுல தெனம் சண்ட. அவுரு நம்பவே மாட்டேங்கறாரு."

தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கொடுத்தேன்.

மூன்று தடவை இல்லை, நாலு தடவை சொன்னார். நாலாவது தடவை மச்சான் என்று சொல்லவில்லை. "சாமி, எறக்கி வுடு" என்றார். அதைக் கேட்டபிறகும் போட்டோக்காரர் பல்ப் மாற்றும்வரை தூக்கிப் பிடித்திருந்தேன்.