குறைமாச வாத்தியாரின் மனைவி

"சார், ஒண்ணுக்குப் போகணும்!" என்று அடுப்படியிலிருந்து விரலை நீட்டுகிறார் செயலாளரம்மா. ஃப்ரிட்ஜ் கதவில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கணவர், "சரி, போ" என்கிறார். உடனே கரண்டி ஓங்கப்படுகிறது.

"போன்னு சொன்னா பின்னாடியே பத்து பேர் கிளம்பிடுவான். கணக்கை முடிச்சிட்டுப் போன்னு சொல்லுங்க. அப்புறம், பசங்களுக்கு முதுகைக் காட்டாதீங்க, ராக்கெட் பறக்கும்." சொன்னதோடு நிற்கவில்லை. அவர் திரும்பியதும் காகித ராக்கெட் ஒன்று பிடரியில் வந்து குத்துகிறது. வகுப்பின் அத்தனை வாண்டுகளையும் தான் ஒருத்தியாகவே நடிப்பதில் அம்மாளுக்கு அலாதி குஷி.

ஆனால், ஆசிரியர் சங்கத்தின் செயலாளர் இவர். கல்லூரியில் வருஷக்கணக்காகப் படிக்காமல், வேறு வேலை பார்த்துவிட்டு ஆறு மாதப் பயிற்சியில் வாத்தியாராகி வருகிறவர்களை இவர் கண்ணில் காட்டக் கூடாது. அவர்களுக்குக் 'குறைமாசங்க' என்று பெயர் வைத்ததே இவர்தான். பள்ளிக்குப் புதிதாக யார் வந்தாலும், நாற்காலியைக் காட்டும் முன்பே "முழுமாசமா, குறைமாசமா?" என்று கேட்டுவிடுவார். ஓர் அப்பாவி மனிதர், "எங்கம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன் மேடம்" என்றாராம்.

கோபத்தில் நியாயமும் உண்டு. முறையாகப் படித்த பிள்ளைகள் வேலையில்லாமல் சங்க வாசலில் நிற்கிறார்கள். அரசாங்கத்துக்கோ மலிவாக ஆள் கிடைத்தால் போதும்.

இந்த நேரம் பார்த்தா கணவரின் தொழிற்சாலையை இழுத்து மூட வேண்டும்? ஐம்பதை நெருங்குகிறவருக்கு வேறு யார் வேலை தருவார்கள்? காதும் காதும் வைத்த மாதிரி, அதே ஆறு மாதப் பயிற்சியில் அவரைச் சேர்த்துவிட்டார் அம்மாள்.

"மேடையில எங்களை விரட்டணும்ங்கிற. வீட்டுல பாடம் சொல்லித் தர்ற. எதும்மா நிஜம்?"

"அது சங்கம், இது சாப்பாடு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. மூணாவது கணக்கு தப்பு, அழிங்க."

நேற்று சங்கக் கூட்டம். ஆறு மாதப் பயிற்சியை ரத்து செய்யும்வரை பள்ளிக்கூடங்களைத் திறக்கப் போவதில்லை என்று தீர்மானம். அது நிறைவேறினால் அமைச்சர் இறங்கி வந்தே தீருவார். கணவர் மறுபடி வீட்டோடுதான். தீர்மானத்தை எழுதியதும் அம்மாள்தான், கணீரென்று வாசித்ததும் அம்மாள்தான். ஆதரிப்பவர்கள் கை தூக்கினார்கள். எண்ணிப் பார்த்தால் சரிபாதி. இன்னும் ஒரு கை உயர்ந்தால் தீர்மானம் நிறைவேறிவிடும்.

"செயலாளரம்மா இன்னும் கை தூக்கலையே!" என்றார் யாரோ. மண்டபமே திரும்பிப் பார்த்தது.

அம்மாள் சட்டென்று குனிந்து, மேசைக்கடியில் செருப்பைத் தேட ஆரம்பித்தார். இரண்டும் காலில்தான் இருந்தன.