பிரெம்பேயின் வேனும் என் வீட்டுக்காரரின் வாயும்

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு டீசல் எஞ்சினைப் பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்வதுதான் என் வீட்டுக்காரர் டபிரியின் பிழைப்பு. பாதிக்கு மேல் "வேண்டாம்" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். கானாவில் எங்கள் குமாசி நகரத்தில் வண்டி விற்கிறவன் எவனும் அவர் முகத்தில் விழிக்க மாட்டான். சரி, வாங்குகிறவனாவது தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறானா? ஆசைப்பட்ட வண்டியைக் குறை சொன்னால் அவனுக்கும் ஆகாது. அவருடைய சொந்த அண்ணனே ஒரு லாரிக்காகக் கோபித்துக்கொண்டு பேச்சை விட்டவர்தான். அண்ணன் செத்தபோது, எங்கள் ஊர் துக்க வழக்கப்படி, குடும்பம் முழுக்க ஒரே துணியில் தைத்துப் போட்டுக்கொண்டது. எங்களுக்கு மட்டும் அந்தத் துணி வரவில்லை. இவர் பழைய கறுப்புச் சட்டையோடு போய் ஓரமாக நின்றுவிட்டு வந்தார்.

என் தம்பி பிரெம்பே காலமெல்லாம் அடுத்தவன் வேனை ஓட்டியவன். எங்கள் அம்மா விட்டுப்போன கொக்கோ தோட்டத்தை விற்றுவிட்டு, சொந்த வேன் வாங்கப் போவதாக வந்து நின்றான். அந்தப் பணமும் போனால் அவனுக்கு வேறு நாதி இல்லை.

ஆனால் என்ன செய்தான் தெரியுமா அந்த மடையன்? இவரைக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே போதகரைக் கூப்பிட்டுவிட்டான். காலையிலிருந்து எஞ்சினை ஓடவிட்டு ஜெபம் நடந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, பின் கண்ணாடியில் 'அம்மாவின் ஜெபம்' என்று ஒருவன் எழுதிக்கொண்டிருந்தான். விற்கிறவன் பல்லை இளித்துக்கொண்டு நின்றான். ஏன் இளிக்க மாட்டான்? கெட்டுப்போன டீசல் எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போதுதான் கிளம்ப மறுத்து வண்டவாளத்தைக் காட்டும். சூடாகிவிட்டால் சாதுவாகிவிடும்.

இவர் எஞ்சின்மேல் கையை வைத்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டார். எஞ்சின் ஓடும்போதே எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி, அந்த வாயின்மேலேயே கவிழ்த்து வைத்தார். நல்ல எஞ்சின் என்றால் மூடி அப்படியே இருக்கும். இது குதித்துக் கீழே விழுந்தது. இவர் அதைப் பொறுக்கித் துடைத்து மூடினார். பிரெம்பே அதைப் பார்க்கவே இல்லை, அவன் கண் முழுக்க அந்த எழுத்தின்மேல் இருந்தது.

எப்படி என்று கேட்டான். "சூடா இருக்குப்பா. இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். வேண்டாம் என்று சொல்லாததே பிரெம்பேக்குப் போதுமானதாக இருந்தது. இவரைக் கட்டிக்கொண்டான்.

இப்போது தினமும் விடிந்ததும் அவன் வீட்டுக்குப் போய் வேனைத் தள்ளுகிறோம். இவருக்கு முழங்கால் வீக்கம், எனக்கு இடுப்பு. சரிவில் உருட்டினால்தான் அந்தச் சனியன் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பும். பாதி நாள் வழியில் படுத்துவிடும், பயணிகள் இறங்கி வேறு வேனுக்குப் போய்விடுவார்கள். சலித்துப் போய்விட்டது எனக்கு.

நேற்று தள்ளி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது பிரெம்பே கேட்டான்.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்ல, அத்தான்?"

இவர் தலையாட்டினார்.

"அப்ப சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீயும் பேச்ச விட்டிருப்ப" என்றார் இவர். "உன் அக்காவுக்கு மிச்சம் நீ ஒருத்தன்தான்டா."

'விட்டிருக்க மாட்டேன்' என்று பிரெம்பே சொல்லவில்லை. ஏறி உட்கார்ந்து வேனை ஓட்டிக்கொண்டு போனான்.