அக்கா விடாது செய்த ஊழியம்

அக்காவின் ஓராண்டு நினைவு மலருக்கு நான் எழுதப்போகிறேன் என்று கேள்விப்பட்டதும் கனடாவிலிருந்து எங்கள் ஒன்றுவிட்ட அண்ணர் தொலைபேசியில் அழைத்தார்.

"எழுது தம்பி, வடிவா எழுது. ஆனா ஊழியம், பிரசங்கம் எண்டெல்லாம் போடாதை. சமூக சேவை எண்டு போடு. நாலு சனம் வாசிக்கிற புத்தகம்."

அவருக்குப் பின் இன்னும் இருவர் இதையே வேறு விதமாகச் சொன்னார்கள். அவர்களுடைய அன்புக்குத் தலைவணங்குகிறேன். சொல்லை மட்டும் மாற்றமாட்டேன். அக்கா நெடுந்தீவுக்குப் போனது இயேசுவைப் பற்றிச் சொல்வதற்காக. அதற்குப் பெயர் ஊழியம். உயிரோடிருந்த காலத்தில் அவர் ஒருநாளும் ஒளிக்காததை, அவர் மறைந்து ஒரு வருடம் நிறையும் இந்நாளில் தம்பியாகிய நான் ஒளிப்பது முறையல்ல.

நான் கிறிஸ்தவன் அல்லன் என்பது உறவினர் அனைவருக்கும் தெரியும். இன்றும் காலையில் முழுகித் திருநீறு பூசாமல் தேநீர் குடிப்பதில்லை. அக்காவின் ஊழியத்தை நெடுங்காலம் வெறுத்தவனும் நான்தான். அந்த வெறுப்பினால் விளைந்த ஒரு கேட்டையும் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

அக்கா வேலணையில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐயாவுக்குத் தென்னிலங்கை நகரொன்றில் கடை இருந்தது. கலவரத்தில் கடை எரிய, உடுத்திருந்த உடுப்போடு ஊர் திரும்பிய ஐயா அதன் பின் எழும்பவேயில்லை. அம்மா எனது பதினோராவது வயதில் காலமானார். அப்போது அக்கா தாதியர் பயிற்சியை முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. என் சப்பாத்து முதல் என் திருமணம் வரை எல்லாவற்றையும் பார்த்தவர் அவர். தமக்கு வந்த சம்பந்தங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்தார். காரணம் கேட்டால், "உன்ர அலுவல் முடியட்டும்" என்பார். என் அலுவல் முடிந்தபோது அவருடைய வயது போய்விட்டது.

யுத்த காலத்தில் அக்கா வைத்தியசாலையிலேயே நின்றார். தீவுச் சனம் எல்லாம் இடம்பெயர்ந்து சிதறியபோதும் கடமையை விட்டு அசையவில்லை. அந்த நாட்களில்தான் அவர் கிறிஸ்தவரானார். எங்களுக்குத் தெரியவந்தபோது வீட்டில் பெரிய சண்டை. "எங்கட சமயத்தில இல்லாதது அங்க என்ன கிடைச்சது?" என்று கத்தினேன். அக்கா குரலை உயர்த்தவில்லை.

"சாகக் கிடந்த ஆக்கள் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு ஏதாவது சொல்லுங்கோ மிஸி எண்டு கேட்டவை. எனக்குச் சொல்ல ஒண்டும் இருக்கேல்லை, தம்பி. இதிலதான் எனக்கு அந்தச் சொல்லுக் கிடைச்சது. உனக்கு வேற இடத்தில கிடைச்சிருக்கலாம். நான் அதுக்குச் சண்டைக்கு வரேல்லை."

ஓய்வு பெற்றபின் யாழ்ப்பாணத்திலிருந்து இயங்கிய சிறிய ஊழியக் குழு ஒன்றில் சேர்ந்தார். அந்தக் குழு ஒலிபெருக்கியோடும் பொதிகளோடும் தீவு தீவாகப் போகும். ஓரிடத்தில் ஒருநாள் கூட்டம் வைத்தால், மறுமுறை அங்கே எப்போது போகும் என்பது அவர்களுக்கே தெரியாது. நெடுந்தீவுக்குப் போன நாளில், கூட்டத்துக்கு வரமுடியாதவர்களை வீட்டுக்குப் போய்ப் பார்த்தவர் அக்கா மட்டும்தான். ஏழு வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் "வாற சனிக்கிழமையும் வாறன்" என்று சொல்லிவிட்டு வந்தார். அதன்படியே சனிக்கிழமைகளில் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் பஸ் ஏறி, காலைப் படகில் போகத் தொடங்கினார்.

அந்த ஏழில் ஒன்று பாக்கியம் அம்மாவின் வீடு. அக்காவை விட வயதில் மூத்தவர். கடலில் கணவரை இழந்து தனியாக இருந்தவர். நீரிழிவினால் பாதத்தில் ஆறாத புண். ஆஸ்பத்திரி என்றாலே வாசற்படி தாண்டமாட்டார். அக்கா கிழமைக்கொரு முறை புண்ணைக் கழுவிக் கட்டுவார், இரத்தத்தில் சீனியைப் பார்ப்பார், மாதமொருமுறை ஓட்டோவில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவார். பிறகு வேதாகமத்தில் ஒரு பகுதி வாசிப்பார். பாக்கியம் அம்மா நெற்றி நிறையத் திருநீற்றோடு இருந்து கேட்பார். புண் ஒடுங்கிக்கொண்டு வந்தது.

இந்த நேரத்தில்தான் என் மகளுக்குக் கல்யாணம் பேசினோம். மாப்பிள்ளை வீட்டார் எல்லாவற்றுக்கும் சம்மதித்துவிட்டு, "பொம்பிளையின்ர பெரிய மாமி மதம் பரப்பப் போறவ எண்டு கதைக்கினம்" என்று இழுத்தார்கள். நான் நேரே அக்காவிடம் போனேன்.

"மூண்டு மாசம்தான் அக்கா. கலியாணம் முடியுமட்டும் போகாதேங்கோ."

"போகாட்டி அந்தப் பாக்கியத்தின்ர கால்..."

"உங்களுக்கு என்ர பிள்ளை முக்கியமோ, நெடுந்தீவுக் கிழவி முக்கியமோ?"

நான் வளர்ந்த விதத்தை அறிந்தவர்களுக்கு, அந்தக் கேள்வியை அக்காவிடம் கேட்க எனக்கு எந்த உரிமையும் இருக்கவில்லை என்பது புரியும். ஆனாலும் கேட்டேன். அவர் போகாமல் நின்றார். பலகாரச் சூட்டிலிருந்து மணவறை வரை எல்லாவற்றிலும் முன்னுக்கு நின்றார். கல்யாணம் சிறப்பாக நடந்தது.

முடிந்த கையோடு வந்த சனிக்கிழமை அக்கா படகேறினார். பின்னேரம் திரும்பி வந்து, கைப்பையைத் தோளிலிருந்து கழற்றாமலே குசினிக் கதிரையில் இருந்தார்.

"பாக்கியத்தின்ர காலை முழங்காலுக்குக் கீழ எடுத்துப்போட்டினம், தம்பி. காய்ச்சலில அறிவில்லாமல் கிடந்தவவை அயலாக்கள்தான் படகில ஏத்தி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோயிருக்கினம்."

அன்று பாக்கியம் அம்மா சொன்ன வார்த்தைகளை அக்கா எனக்கு அப்படியே சொன்னார். "பிள்ளை, நீர் சொல்லுற ஆண்டவர் வருவார் எண்டு நான் நம்பினதில்லை. நீர் வருவீர் எண்டுதான் நம்பினனான். சனிக்கிழமை சனிக்கிழமை காலை நீட்டிக்கொண்டு வாசலைப் பாத்துக்கொண்டிருந்தனான்."

அக்கா அழவில்லை. என்னை ஒரு வார்த்தை ஏசவுமில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "எல்லாருக்கும் நல்ல செய்தி சொல்லப் போறன் எண்டு வெளிக்கிட்டனான். வாறன் எண்டு சொன்ன ஒரு சொல்லையே காப்பாத்தேல்லை. பிறகு நான் சொல்லுற மற்றச் சொல்லை ஆர் நம்புவினம்?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு அவர் எதற்காகவும் நிற்கவில்லை. பதினாறு வருடங்கள். கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாட்களில் ஏழு வீடுகளுக்கும் முன்கூட்டியே அறிவிப்பார். எங்கள் பேரப்பிள்ளையின் பிறந்தநாள் சனிக்கிழமையில் வந்தால் வெள்ளிக்கிழமையே பரிசைக் கொடுத்துவிடுவார். உறவினர் வீட்டுச் சடங்குகளுக்கு வரவில்லை என்று அவரைத் திமிர் பிடித்தவர் என்றார்கள். அவர் வராத சடங்குகள் எல்லாம் சனிக்கிழமைகளில் நடந்தவை. கணக்குப் பார்த்தால் தெரியும்.

ஊழியக் குழுவின் பொறுப்பாளர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கே வந்தார். விறாந்தையில் நானும் இருந்தேன்.

"அக்கா, இத்தனை வருசமாப் போறியள். எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தவை?"

"ஒராள்."

"அப்ப பாருங்கோ. மன்னார்ப் பக்கம் ஆக்கள் ஆயிரக்கணக்கில வாறினம். அங்க வாங்கோ. இந்த ஏழு வீட்டையும் விடுங்கோ. படங்கள், அறிக்கை ஒண்டும் அனுப்ப ஏலாமல் கிடக்கு."

"பாஸ்டர், அவையைப் படம் பிடிக்கிறதுக்கு நான் போகேல்லை. வாறன் எண்டு சொன்ன வீடுகள். நான் சொல்லிப்போட்டு நிண்டால் என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும். விட ஏலாது."

"அப்பிடியெண்டால் குழுவின்ர பேரில நீங்கள் போக முடியாது."

"ஓம். என்ர பேரிலயே போறன்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, வாழ்க்கையில் முதல்முறையாக அக்காவின் ஊழியத்தைப் பற்றிப் பெருமை வந்தது. வெளியே சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

எதிர்ப்பு இந்தப் பக்கத்திலிருந்து மட்டும் வரவில்லை. நெடுந்தீவு இறங்குதுறையில் ஒருமுறை ஊர் இளைஞர் சிலர் அவரை மறித்தார்கள்.

"சமயம் மாத்தவோ வாறியள்?"

"நான் இயேசுவைப் பற்றிச் சொல்லத்தான் வாறன், ராசா. களவாச் சொல்லேல்லை. கேக்க விருப்பமில்லை எண்ட வீட்டில வாய் திறக்கமாட்டன். புண்ணைக் கட்டிப்போட்டுப் போவன். ஆனா வாறதை மட்டும் விடமாட்டன். இண்டைக்கு மறிச்சியள் எண்டால் அடுத்த சனிக்கிழமை திரும்ப வருவன்."

மறித்த செய்தி பாக்கியம் அம்மாவுக்கு எட்டியது. ஊன்றுகோல்களோடு ஓட்டோவில் இறங்குதுறைக்கு வந்து, இறங்காமலே அந்த இளைஞர்களைக் கூப்பிட்டாராம். "தம்பியவை, இவ மூண்டு மாசம் வராமல் விட்டதுக்கு நான் ஒரு காலைக் குடுத்திட்டன். இப்ப நீங்கள் மறிக்கிறியள். மற்றக் காலை ஆர் காவல் பாக்கிறது, நீங்களோ?" அதற்குப் பிறகு எவரும் மறிக்கவில்லை.

பாக்கியம் அம்மா இன்றுவரை சைவம்தான். அக்காவுக்கு அது வருத்தமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அதற்காக ஒரு கிழமையும் போகாமல் விடவில்லை.

சென்ற வருடம் இருதய நோய் முற்றி அக்கா வைத்தியசாலையில் இருந்தார். பேசுவதற்கே மூச்சு வாங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"தம்பி, நாளைக்கு நீ போய்ச் சொல்லிப்போட்டு வா. நான் வர ஏலாது எண்டு."

"ரெலிபோனில சொல்லுவம் அக்கா."

"இது கடைசி. நேர போய்ச் சொல்லு."

போனேன். ஏழு வீடுகளில் இருவர் முன்பே காலமாகியிருந்தார்கள். அந்த வீடுகளிலும் அவர்களுடைய பிள்ளைகள் அக்காவை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். திரும்பி வந்து அக்காவுக்கு ஒவ்வொரு வீடாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திங்கட்கிழமை காலை அக்கா அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

அவர் விரும்பியபடி அடக்கம் செய்வது என்று முடிவெடுத்தேன். முற்றத்தில் நின்ற உறவினர் ஒருவர், "கொள்ளி வைக்காமல் புதைக்கப்போறியோ? எங்கட குடும்பத்தில இப்பிடி நடந்ததில்லை" என்றார். "இப்ப நடக்குது" என்றேன். அரைவாசிப் பேர் எழுந்து போனார்கள். பெட்டி தூக்க ஆள் காணாது என்று நாங்கள் நின்ற நேரத்தில், காலைப் படகில் வந்த நெடுந்தீவுச் சனம் பஸ்ஸை விட்டு இறங்கியது. அன்றொரு நாள் இறங்குதுறையில் மறித்தவர்களில் இருவர் முன்பக்கத்துக்குத் தோள் கொடுத்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை நான் அழைப்பில்லாமலே படகேறினேன். எனக்குப் புண் கட்டத் தெரியாது. சீனி பார்க்கக் கற்றுக்கொண்டேன். பாக்கியம் அம்மா அக்காவின் வேதாகமத்தைக் கேட்டார்.

"அம்மா, எனக்கு இதில நம்பிக்கை இல்லை" என்றேன்.

"எனக்கும்தான். நீர் வாசியும். அவ எங்க நிப்பாட்டினவ எண்டு எனக்குத் தெரியும்."

வாசித்தேன். இந்த ஒரு வருடமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். இருவரும் மாறவில்லை. ஆனால் அக்கா எதைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

அக்காவைக் கடைசிவரை பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், கடலில் அவரைக் கைபிடித்து ஏற்றி இறக்கிய படகோட்டிகளுக்கும், கல்லறையில் பாட்டுப்பாடி வழியனுப்பிய சபையாருக்கும், தோள் தந்த நெடுந்தீவு மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஊழியக் குழுவின் பொறுப்பாளர் அடக்கத்துக்கு வந்து பின்வரிசையில் நின்றார். பேசக் கேட்டபோது மறுத்துவிட்டார். அதற்கும் நன்றி. முற்றத்தைவிட்டு எழுந்து போனவர்களுக்கும் இம்மலரை அனுப்புகிறேன். பெயர் விடாமல் அனுப்புகிறேன்.

இதில் எழுதியது பிழை என்று நினைக்கிறவர்கள் வேலணைக்கு வந்து என்னிடமே சொல்லலாம். இருத்தித் தேநீர் தருவேன், கேட்பேன், ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன். சனிக்கிழமை மட்டும் வரவேண்டாம். அன்று நான் நெடுந்தீவில் நிற்பேன்.

தம்பி
வேலணை