இருநூற்றெட்டுப் பாகை

பதுளையில் எங்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவர் ஒரு யாழ்ப்பாணத்து வாத்தியார். ஒல்லியான, நெட்டை ஆள். சிவப்புப் பென்சிலை நாக்கில் தொட்டுத்தான் புள்ளி போடுவார். உதடு எப்போதும் சிவந்திருக்கும். முதல் நாளே சொன்னார்: "பரிசோதனையில கண்ணால பார்த்ததை எழுதும். புத்தகத்தைப் பார்த்து எழுதினால் பூச்சியம்."

நான் நம்பினேன். நமுனுகுல தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வந்த எனக்கு, அந்தப் பாடத்தில் ஐம்பது எடுத்தால்தான் அடுத்த வருசம் விஞ்ஞான வகுப்பு.

தண்ணீரைக் கொதிக்க வைத்தோம். பாரன்ஹைட் வெப்பமானி இருநூற்றெட்டில் நின்றது. அதையே எழுதினேன். மற்றவர்கள் புத்தகத்தில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டை எழுதினார்கள்.

"தோட்டத்தானோட தண்ணிக்கு என்னா அவசரம்டா!" என்று டவுன் பையன்கள் சிரித்தார்கள்.

பரிசோதனை எழுதிய கொப்பி திரும்பி வந்தது. அவர்களுக்கு முழுப் புள்ளி. எனக்குப் பூச்சியம். அதனால் மொத்தம் நாற்பத்தாறு.

"நீங்கதானே சார் பார்த்ததை எழுதச் சொன்னீங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "நீர் எழுதினது சரிதான். மலையில தண்ணி முந்திக் கொதிக்கும். ஆனா இன்ஸ்பெக்டர் வந்து கொப்பி பார்ப்பார். அவரோட ஆர் வாதாடுறது?"

"அப்ப என் வகுப்பு?"

"இனிமேலாவது புத்தகத்தில இருக்கிறதை எழுதும்."

விஞ்ஞான வகுப்பில் என்னைச் சேர்க்கவில்லை. அவர் தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. இருநூற்றெட்டுக்குப் பக்கத்தில் முதலில் சரி போட்டிருக்கிறார். பிறகு அதை வெட்டியிருக்கிறார். வெட்டுவதற்கும் பென்சிலை நாக்கில் தொட்டிருப்பார். கோடு அவ்வளவு அழுத்தம்.